ரசத்துக்கு ஆட்டிய தலை

ஆவணியா ஐப்பசியா என்று சரியாக நினைவில்லை. ரசம் மட்டும் நினைவிருக்கிறது. அப்போது ஆளாளுக்குக் காதில், வேண்டாத குரலை வேண்டாத நேரத்தில் தடுக்கும் ஃபயர்வால் வைத்திருந்தார்கள். திலகவதி தன் கணவன் மாசிலாமணியின் குரலுக்கு இரண்டு தடை போட்டிருந்தாள்: சீரியல் ஓடும்போது ஒன்று, பிறகு தங்கையோடு பேசும்போது ஒன்று. நடுவிலிருந்த சாப்பாட்டு வேளை அவனுக்கு.

அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் சரிபார்ப்பவர்களில் அவனும் ஒருவன். அன்று மதியம் ஒரு பிழைக்கான திருத்தம் அவன் ஒப்புதலுக்கு வந்தது. அடுத்தடுத்த தடைகளை மென்பொருள் ஒன்றாக ஒட்டி, இடைவெளியையும் அடைத்துவிடுகிறதாம். திருத்தம் சரியாகவே இருந்தது. பிறகு அவளிடம் போனான்.

"நேத்து சாப்பிடறப்ப, வேலைய விட்டுரட்டுமான்னு கேட்டேன். தலையாட்டுனயே?"

"வாய் அசைஞ்சுதுங்க. இன்னும் ரசம் வேணுங்கறீங்கன்னு நெனச்சேன். ஊத்துனேனல்ல?"

"இத்தன நாளா சாப்பிடறப்ப என் சத்தமே வரலியேன்னு தோணலியா?"

"நிம்மதியா இருந்துதுங்க." பிறகுதான் உறைத்து, "ஏனுங்க, விட்டுட்டீங்களா?"

"காலைல எழுதிக் குடுத்துட்டேன்."

திருத்தத்துக்கு அவன் ஒப்புதல் கொடுத்தான். ஊரெல்லாம் சாப்பாட்டு வேளை திறந்துகொண்டது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது திலகவதி வேலைக்குப் போகிறாள், மாசிலாமணி ரசம் வைக்கிறான். சாப்பிடும்போது அவள் பேசுகிறாள், அவன் தலையாட்டுகிறான்.