இன்னும் கொஞ்சம் பெரிதாக

வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து செண்பகவல்லிக்கு ஆட்கள் மறந்துபோனார்கள். முகத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் சீட்டு விளையாட்டு ஒன்றை ஆடச் சொன்னார் டாக்டர். கணவன் நம்பிராஜன் அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதினான். கல்யாண ஆல்பத்துப் படங்களை அது சீட்டு அளவுக்கு வெட்டி, தாளுக்கு ஒன்பதாக அடுக்கி அச்சுக்கு அனுப்பும். எந்தச் சீட்டில் அவள் பெயர் தெரியாமல் விழித்தாளோ, அந்த முகத்தை மறுவாரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித் தரும். கிட்டத்தில் பார்த்தால் தெரியாமலா போய்விடும்?

அம்மாவை இரண்டாம் வாரமே சொல்லிவிட்டாள். தம்பிக்கு ஐந்து வாரம் பிடித்தது. நம்பிராஜனைத் தெரியவே இல்லை; முகம் பெரிதாகப் பெரிதாக அவன் சீட்டிலிருந்து முதலில் மாலை போனது, பிறகு தோள், காது, நெற்றி. மீசை மட்டும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. நிரலில் பெரிதாக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஒரு வாரம் பார்ப்போம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் நினைத்தான்.

இருபத்திமூன்றாம் வாரச் சீட்டில் முகமே இல்லை. மங்கலான பழுப்புச் சதுரங்கள் நாலைந்து, அவ்வளவுதான். கூச்சத்தோடு நீட்டினான். செண்பகவல்லி அதை வாங்கி, விரலால் தடவி, அடிபட்ட பிறகு முதன்முறையாகச் சிரித்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர்."

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"தினம் வந்து விளையாடுறீங்களே சார், வர்ற வழியில இவரை எங்கேயாவது பார்த்தீங்களா?"