நஞ்சப்பனின் உதை

மைசூரில் நான்காவது சுதந்திர தினக் கால்பந்துப் போட்டி. இடைவேளையில் மில் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

"பந்தை உருட்டிண்டே ஓடறா. நடுவில் ஆடற நஞ்சப்பன் ஒரு தடவை ஓங்கி உதைச்சானா? எதிராளி வந்தாலே பந்தைப் பக்கத்தில் தள்ளிடறான், கோழை! அடுத்த ஆட்டத்துக்கு அவன் வேண்டாம்" என்றார் அணிச் செயலாளர் திருநாராயணன்.

"ஓட்டந்தானுங்க சாமி நம்ம பலம். சின்னப் பையன், இன்னும் ரெண்டு ஆட்டம் பாருங்க" என்றார் அருகில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பழைய ஆட்டக்காரர் மாரப்பன்.

"நீ படியில் விழுந்து காலை ஒடைச்சுக்காட்டா உன் எடம் அவனுக்கு வந்திருக்குமா? அவனுக்கு நீயே வக்கீலா?"

மாரப்பன் குரலைத் தாழ்த்தினார். "நான் படியில விழுகலீங்க. ரெண்டு பேரும் தனியா ஆடிப் பழகறப்ப, அவன் உதை பட்டுத்தான் என் கால் முறிஞ்சது. சொன்னாப் பையனை நீக்கிருவீங்கன்னு மறைச்சேன். அதுலருந்து எதிர்ல ஆளிருந்தா அவனுக்குக் காலே எழுகறதில்லீங்க. பயம் அவன் காலுக்கில்லீங்க, அடுத்தவன் காலுக்கு."

 மாரப்பன் கைத்தடியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, மைதானத்தின் கோடு வரை நடந்தார்.

"நஞ்சப்பா, பாருடா! கால் கூடிருச்சு. பயப்படாம உதை!"

விசில் ஒலித்தது. எதிராளி பாய்ந்து வந்தும் நஞ்சப்பன் ஒதுங்கவில்லை. அவன் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து ரோட்டில் விழுந்தது.

"கோல் போனாப் போவுது, உதைச்சுட்டானுங்க சாமி!" என்றார் மாரப்பன்.

"அடுத்த ஆட்டத்துக்கும் அவனேதான்" என்றார், கைத்தடியோடு பின்னால் வந்து நின்ற திருநாராயணன்.