குளியலறைக் கேள்விகள்

"ஒரு சொட்டுத் தண்ணி அந்தக் கட்டுல பட்டுச்சுன்னா, நாளைக்கு டாக்டருக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள் அம்மா.

"தண்ணிகிட்ட பேசிட்டேம்மா. படமாட்டேன்னு ஒத்துக்கிச்சு" என்றாள் உள்ளேயிருந்து பெரியவள்.

சின்னவளுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லாருமே டாக்டர்கள்தான். அப்பா, ராத்திரி முழுக்கப் போனில் படித்துத் தலையணை வைப்பதில் நிபுணராகிவிட்டார். அம்மாவுக்குக் காயத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அதனால் கதவுக்கு வெளியே நின்று உத்தரவு போடும் கஷ்டமான வேலையைத் தானே ஏற்றுக்கொண்டாள். காயத்தில் சீழ் வைத்தால் மறுபடி ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

குளிப்பாட்டும் வேலையைப் பெரியவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காதவள், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். "இப்பவாவது தங்கச்சி மேல பாசம் வந்துச்சே" என்று அம்மா பூரித்துப் போனாள். கதவைச் சாத்திக்கொள்வேன், யாரும் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும்தான் பெரியவளின் நிபந்தனை.

சின்னவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். குனியக் கூடாது, உடம்பைத் திருப்பக் கூடாது. எதிரே கண்ணாடியில், அப்பாவின் பழைய தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா கையில் சோப்புப் போட்டுக் கழுவுவது தெரிந்தது.

"மகாராணிக்குத் தண்ணி சூடு போதுமா?"

"போதும். வேலைக்காரிக்குத்தான் வாய் ஜாஸ்தி."

பெரியவள் ஈரத் துணியை ஒட்டப் பிழிந்து தங்கையின் தோளைத் துடைத்தாள். "கொடுத்து வச்சவடீ நீ. ஸ்கூல் இல்ல, பரீட்சை இல்ல. உக்காந்த இடத்துல குளியல்."

"பொறாமையா இருந்தா நீயும் ஒரு ஆபரேஷன் பண்ணிக்கோ."

பெரியவள் துணியை மறுபடி நனைத்தாள்.

"ஆமா, ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் எப்படி இருந்துச்சு?"

"நேத்தும் இதைத்தானே கேட்டே?"

"மறந்துட்டேன். சொல்லு."

"ஒரே தாகம். அப்புறம் வலி வந்துச்சு."

"ரொம்பவா?"

"தாங்கிக்கலாம். மருந்து குடுத்ததும் தூங்கிட்டேன்."

காலையில் அப்பா தலையணையை லேசாக நகர்த்தியதற்குத் தெருவையே கூட்டியவள் இவள்தான். பெரியவளுக்கு அது ஞாபகம் வந்தது. "அப்போ அப்பாகிட்ட ஏன் அந்தக் கத்து கத்தினே?"

"அப்பாகிட்ட கத்தினா ஐஸ்கிரீம் வரும். உன்கிட்ட கத்தினா என்ன வரும்?"

வெளியே அம்மா போனில் டெய்லரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முன்னால் வாயே திறக்காதவள், டெய்லர் என்றால் மட்டும் புலி. "அளவு எடுத்துத்தானே தைச்சீங்க? பெரியவளோட யூனிஃபார்ம் பாவாடை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிக்குது. கண்ணை மூடிக்கிட்டு வெட்டுனீங்களா?"

"பாவம் அந்த டெய்லர்" என்றாள் சின்னவள்.

"நீ வாயை மூடிக்கிட்டு நேரா உக்காரு."

பெரியவள் பழைய கட்டை மெல்லப் பிரித்தாள். சிவப்பு இல்லை, கசிவு இல்லை. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்த தையல் இடுப்பு வரை இறங்கியது. சுற்றியிருந்த ஈரத்தைத் தேய்க்காமல் சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தாள். அப்புறமும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அசிங்கமா இருக்காக்கா?" சின்னவளின் குரலில் கிண்டல் இல்லை.

"ஜிப் வச்ச ஸ்கூல் பை மாதிரி இருக்கு."

"நிஜமாவா?"

"இல்லடீ. நல்லா ஆறியிருக்கு." பெரியவள் புதுக் கட்டை எடுத்து, நடுவில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து ஒட்டினாள். ஒரு மூலை மடங்கிக்கொண்டது. அதை நீவிச் சரிசெய்தாள்.

கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள்.

"அக்கா, நிஜமாவே ரொம்ப வலிக்காதுக்கா. சத்தியமா."

"அதை ஏன்டீ என்கிட்ட சொல்றே?"

"நீதானே தினமும் கேக்கறே."

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன மாநாடா நடக்குது? காயம் எப்படி இருக்கு, சொல்லுங்கடி. எனக்குப் படபடன்னு வருது."

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் அவள் முன்னால் வந்து நின்று, வேண்டாம் என்று தலையாட்டினாள். "சொல்லாதேடீ" என்றாள் உதட்டசைவில். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சின்னவள் குனியாமல், திரும்பாமல், கையை மட்டும் நீட்டி அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் முதுகு நல்லா இருக்கும்மா. நாளைக்கு டாக்டர்கிட்ட அக்கா முதுகையும் காட்டணும். எனக்கு முதுகு வளைய ஆரம்பிச்சப்பவும் நீ முதல்ல டெய்லரைத்தான் திட்டினே."