கிட்டங்கிப் பட்டை

கடல் ஒதுக்கிய வலைத்துண்டைக் கண்டதும் கித்தேரி ஓடிப்போய் அதைக் கையில் எடுத்தாள். அதன் நிறம் கருஞ்சிவப்பு. ஆலந்தலையில் அந்த நிறத்து வலை அவள் புருஷன் தொம்மைக்கு மட்டும்தான் உண்டு.

நூல் வலை இற்றுப்போகாமலிருக்க, ஊரில் எல்லாரும் கடையில் ஆவாரம்பட்டை வாங்கி அவித்துக் காவிச் சாயம் ஏற்றுவார்கள். கித்தேரி மட்டும் தூத்துக்குடியில் மரம் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் உரித்துக் கொட்டிய வீண்பட்டையைச் சாக்கில் அள்ளிவந்து அவித்தாள்; சாயம் கருஞ்சிவப்பாக ஏறியது.

"குப்பையில முக்குன வலையில மீனு ஏறுமாளா?" என்று கரையெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அடுத்த வீட்டுச் சலேத்து. இன்று அவளே கித்தேரியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இருவர் புருஷன்மாரும் வேறு வேறு வள்ளத்தில் போயிருந்தார்கள். காற்று அடித்து ஓய்ந்தும் ஒருவரும் திரும்பவில்லை.

"அக்கா, அவிய போயிட்டாவளோ?"

"வாயக் கழுவுளா. மாதா இருக்கா."

"ஒனக்கென்னக்கா, ஒங்க வலை காவி."

சலேத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆனால் சலேத்தின் மூச்சு சீராகத்தான் இருந்தது.

அப்போது ஒரு வள்ளம் கரை தட்டியது. தொம்மை இறங்கினான். கித்தேரி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவனோ அவள் கையிலிருந்த துண்டையே பார்த்தான்.

"நம்ம வலைதான இது?" என்று கேட்டாள் கித்தேரி.

"நம்ம வலை வள்ளத்துல பத்திரமா கெடக்கு."

அவன் சலேத்தின் பக்கம் திரும்பினான்.

"மயினி, நீங்க ஏசுவியன்னு பயந்து, ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாம, நேத்து இவ கோயிலுக்குப் போன நேரம் அண்ணன் எங்க சாயத்துலதான் வலைய முக்கி, ஈரத்தோட ஏத்திட்டுப் போனாரு."

கித்தேரி நீட்டிய துண்டைத் தொடப் பயந்து, சலேத்து பின்னால் பின்னால் நகர்ந்தாள்.