வெளிவராத பாடல்களில் ஒரு குரல்

ஒரு யுகத்தின் நாதமே இந்தப் பெட்டிக்குள் உறைந்திருப்பதாக, மூத்த பாடகர் ஒருவரின் பாடல் தொகுப்புக்குத் தயாரான அட்டை சொன்னது. வாசகம் பாடகரே எழுதியது.

ஹிட் பாடல்களில் சிக்கலில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு தனியாகப் பாடிவைத்த, வெளிவராத பாடல்களில்தான் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெண் குரல் கேட்டது: “போதுங்க, சாப்பிட வாங்க.” அவருடைய இருபது வயதுப் பதிவிலும், போன வாரப் பதிவிலும் அதே இளங்குரல்.

“அண்ணே, அண்ணி குரலைத் தூக்கிடவா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“எனக்கு ஏதுய்யா கல்யாணம்?”

“அப்ப யாருண்ணே இது?”

“யாரா இருந்தா என்ன? பாசமாத்தானே கூப்பிடுறா. இருக்கட்டும், விடு.”

அன்று ரசிகர் சந்திப்பை ரத்து செய்துவிட்டு, பாடகர் நேரே வீட்டுக்குப் போனார். கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார். பசி தாங்காமல் கடையிலிருந்து இரண்டு பேருக்குச் சாப்பாடு வரவழைத்தார். இரண்டையும் அவரே சாப்பிட்டார்.