கோட்டுக்குப் புள்ளி

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் பூங்கோதை மீன்தொட்டியின் பாசியைத் தேய்த்ததில் முன்பக்கக் கண்ணாடியின் உட்புறமெல்லாம் கீறல். அன்றிலிருந்து கணவன் தணிகைவேல் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கீறலைத் தேய்த்துப் போக்கலாமென்று குழாயோடு வந்தான்.

“கைய எடுங்க, அங்க பாருங்க” என்று அவன் மணிக்கட்டை இறுகப் பற்றினாள் பூங்கோதை.

வாங்கிய நாள்முதல் முட்டையே இடாத ஏஞ்சல் மீன், கீறல்களுக்கு நடுவே ஒவ்வொரு முட்டையாக ஒட்டிக்கொண்டே போனது. தினமும் வாசலில் புள்ளி வைத்துவிட்டுத்தான் கோடு இழுப்பாள் பூங்கோதை. இங்கே அவள் இழுத்த கோட்டுக்கு மீன் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது அவளுக்கு.

தணிகைவேல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தான்.

“அந்தப் பக்கத்தையும் ஒரு தேய் தேய்ச்சிருக்கக் கூடாதா?”