ஆறாவது கோடை லீவு

"வெக்கமா இல்ல உனுக்கு?"

தலையில் கடலைக்கொடிக் கட்டோடு நின்று கேட்டாள் ராஜாமணி. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்திருந்த அவள் புருஷன் கன்னியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"இன்னாத்துக்கு வெக்கம்? லீவுல கீறேன்."

"மண்ணூர்ல வேற எவனுக்குக் கெடைக்குது இந்த லீவு? ஏப்ரல் பொறந்தா ரெண்டு மாசம். சம்பளமும் கெடையாது. நான் வெயில்ல கடல புடுங்கினு வரேன், நீ காலாட்டிகினு கீற."

"எவனுக்கும் கெடைக்கல இல்ல? அதாண்டி பெருமை."

கன்னியப்பனுக்கு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில், இரும்பு வார்க்கிற கம்பெனியில் உலையடி வேலை. ஏப்ரல் பிறந்தால் போதும், சூப்பர்வைசர் சுப்பராயன் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போவார். ஒரே ஊர்க்காரர், அந்தப் பாசம்.

"கன்னியப்பா, இந்த வெயில்ல உலைகிட்ட நின்னா செத்துப்பூடுவ. ரெண்டு மாசம் வூட்ல ரெஸ்ட் எடு. ஜூன் ஒண்ணாந் தேதி நேரா வந்துடு. உன் வேல எங்கியும் ஓடிப்பூடாது."

லீவு லெட்டரைக்கூட அவரே இங்கிலீஷில் டைப் அடித்து வைத்திருப்பார். இவன் கையெழுத்துப் போட்டால் போதும். இப்படி ஒரு மனுஷன் எந்தக் கம்பெனியில் உண்டு?

அந்த இரண்டு மாசமும் கன்னியப்பன் ராஜாதான். காலையில் ஏரியில் கெண்டை பிடிப்பான். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க நடந்தே போவான். மத்தியானம் சீட்டு, சாயங்காலம் சினிமாக் கொட்டாய். பத்து மாசம் உலையில் வெந்த உடம்பு ஏரித் தண்ணீரில் மிதக்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அவனைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனசு வராது.

ராஜாமணிக்கு வந்தது.

"இந்த வருஷம் பத்து பேர பர்மனென்ட் பண்றாங்களாம். இப்பவாவது லீவு வேணான்னு சொல்லக்கூடாதா? கூட வேல செய்யற சூசைராஜ் லீவா எடுக்கறான்?"

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சூசைராஜ் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. போன ஏப்ரலில் சுப்பராயன் லீவு தந்தபோது, "புள்ளகுட்டிக்காரன், எனுக்கு வேணாங்க" என்று அழுதானாம். எவ்வளவு சொல்லியும் லெட்டரில் கையெழுத்துப் போடவே இல்லையாம்.

"அவனுக்கு வாழத் தெரியலடி. சேந்த நாள்லேர்ந்து கேட்ல காட்டற டோக்கன் ஒண்ணேதான். கறுத்துப்போயி நம்பரே தெரியாது. எனுக்கு வருஷா வருஷம் புது டோக்கன், புது நம்பர். மரியாத யாருக்குன்னு நீயே சொல்லு. ஆறு வருஷ சர்வீஸ்டி எனுக்கு. லிஸ்ட்ல மொத பேரே எம்பேருதான்."

ஜூன் முதல் தேதி, சைக்கிள் கேரியரில் ஒரு குலை நுங்கைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். கேட்டிலேயே நின்றிருந்தார் சுப்பராயன்.

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். "நல்லா ரெஸ்ட் எடுத்தியா?"

"உங்க புண்ணியம்ண்ணே. நீங்கதான் பாவம். பதினஞ்சு வருஷமா ஒரு கோடைக்குக்கூட வூட்ல இருந்ததில்ல."

சுப்பராயன் புது டோக்கனை எடுத்துக் கையில் கொடுத்தார்.

உள்ளே போர்டில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. பத்துப் பேர். மூன்றாவதாகச் சூசைராஜ். கன்னியப்பன் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தான். அவன் பெயர் இல்லை.

ஆபீசுக்கு ஓடினான். கிளார்க் பரசுராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸார், ஆறு வருஷம் சர்வீஸ் ஸார் எனுக்கு. எம்பேரு வுட்டுப்போச்சு."

பரசுராமன் ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். ஆறு காகிதம். ஆறிலும் கன்னியப்பனின் கோணல் கையெழுத்து.

"இது என் லீவு லெட்டருங்க."

"யாருய்யா சொன்னது? 'சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்'னு எழுதியிருக்கு. ஆறு தடவை வேலையை விட்டிருக்கே. ஆறு தடவை புதுசா சேர்ந்திருக்கே. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் புது டோக்கன்."

"அப்ப என் சர்வீஸு?"

"வருஷம் பூரா விடாம வேலை செஞ்சாத்தான்யா பர்மனென்ட். யாரும் அதை எட்டிடக் கூடாதுன்னுதான் இந்த லெட்டரே. உன் சர்வீஸ் இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."

உலையடியில் நின்றுகூட கன்னியப்பனுக்கு இப்படி வேர்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே, நிழலில் நின்று கட்டை விரலால் நுங்கை நோண்டிக்கொண்டிருந்தார் சுப்பராயன். இவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல எளசுப்பா! அடுத்த ஜூனுக்கும் இதே மரத்துலேர்ந்து வெட்டிகினு வா."